பல்லுக்குத்தான் போகிறோம்

செங்கல்பட்டில் ஒரு செல்போன் கடையின் மாடியில் இருக்கிறது அந்த இடம். என் மகள் உள்ளே போனதும் கதவைச் சாத்திவிடுவார்கள். மற்ற அம்மாக்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்ப்பார்கள். எனக்கு உட்கார வராது. படியிறங்கிப் போய்க் கடைக்காரன் கண்ணாடிக்குள் அடுக்கியிருக்கும் கவர்களைப் பார்ப்பேன், ஏறி வருவேன், கதவில் காதை வைக்காத குறையாக நிற்பேன், மறுபடி இறங்குவேன். ஒருநாள் அவன், "அக்கா, கவர் வேணுமா வேணாமா, ஒண்ணு சொல்லிடு" என்றான். வாங்கித் தொலைத்தேன். என் போனுக்கு அது பொருந்தவில்லை.

செய்யூரிலிருந்து மதுராந்தகம் வந்து, அங்கே பஸ் மாறி, செங்கல்பட்டு போய்த் திரும்ப முழு நாளும் ஓடிவிடும். எங்கே போகிறோம் என்று ஊரில் யார் கேட்டாலும் பல்லுக்கு என்று சொல்ல வேண்டும். இது என் கணவர் கட்டின கதை. அவர் சவுக்குக் கட்டை ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டுகிறார், பாதி நாள் ரோட்டில் இருப்பார். கதை கட்டுவது அவர், காப்பாற்றுவது நான். அதிலும் பக்கத்து வீட்டிலேயே அவருடைய அக்கா, எனக்கு அண்ணி. "கம்பி போடலியா?" என்று அண்ணி கேட்டபோது, "உள்பக்கமா போட்டிருக்கு" என்று இவர் வாய் கூசாமல் சொன்னார். அன்றிலிருந்து அண்ணி என் மகளுக்கு முறுக்கு கொடுப்பதை நிறுத்திவிட்டார். கடிக்கிற சாமான் எதுவும் கூடாதாம். முறுக்கு என்றால் உயிரை விடுகிற பெண் அவள். டப்பா திறக்கும் சத்தம் கேட்டால் என்னைப் பார்த்து முறைப்பாள்.

அந்த மாடியைக் கண்டுபிடிப்பதற்குள் நான் அலைந்தது கொஞ்சமில்லை. மகள் ஐந்தாம் வகுப்பு. வாய் ஓயாமல் பேசுவாள், ஒருதடவை போன வழியை மறக்க மாட்டாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வேறு பிள்ளை. ப எது, ம எது, ய எது என்று விரல் தடுமாறும். நேற்றுப் படித்த வார்த்தை இன்றைக்கு முன்பின் பார்க்காத வார்த்தையாகிவிடும். கண் டாக்டர் கண்ணாடி கொடுத்தார். காது டாக்டர் காதில் ஒன்றுமில்லை என்றார். டியூஷனில் ஸ்கேலால் அடித்து விரல் வீங்கியதுதான் மிச்சம். கோயிலில் தாயத்துக் கட்டினார்கள், அதையும் அவள் குளிக்கும்போது கழற்றிப் போட்டுவிட்டாள். பள்ளியில், "கவனமே இல்ல, வீட்ல செல்லம் அதிகம்" என்றார்கள். செல்லமாம்! நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வந்த ஒரு நர்ஸம்மாதான் கடைசியில் இந்த மாடிக்கு வழி சொன்னார்.

மாடியில் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் மேடம் என் வயதுதான் இருப்பார். மகளோடு நிறைய நேரம் விளையாடினார், எழுதச் சொன்னார், படம் காட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, இதற்குக் கற்றல் குறைபாடு என்று பெயர் என்றார். "புத்தியில குறை இல்லம்மா. எழுத்தைப் பிடிக்கிற விதம் இவளுக்கு வேற. சொல்லித் தர்ற விதத்தை மாத்தினா வரும். ஆனா நாளாகும்." அப்படியே அழுதுவிட்டேன். நிம்மதிதான். படியிறங்கி வரும்போது அந்த நிம்மதி போய்க் கோபம் வந்தது. கண்ணாடி கொடுத்தவர், ஸ்கேல் எடுத்தவர், செல்லம் என்று சொன்னவர், எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துக் கத்த வேண்டும்போல் இருந்தது.

மேடம் பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தார். வகுப்பில் எல்லோர் முன்னாலும் இவளை எழுப்பிப் படிக்கச் சொல்லக் கூடாது, பரீட்சையில் கேள்வியை வாசித்துக் காட்ட வேண்டும், கூடுதல் நேரம் வேண்டும். பள்ளியில் மறுக்கவில்லை. அப்பா அம்மா இருவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். என் கணவர் மாட்டேன் என்றுவிட்டார். "ஸ்கூல்ல குடுத்தா ஊருக்கே தெரியும். நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?" பத்து வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற அவசரத்தில் இருந்தார் மனிதர். அங்கே அவளோ தமிழ் வகுப்பு வரும் நாளெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். முழுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் சோற்றைப் போட்டபடி சண்டை போட்டேன், துணி காயப்போட்டபடி சண்டை போட்டேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வீட்டில் பழக ஒரு தட்டில் மணலைக் கொட்டி விரலால் எழுதச் சொல்லியிருந்தார் மேடம். மகள் தட்டைத் தள்ளிவிட்டாள். எல்.கே.ஜி பிள்ளை செய்கிற வேலையாம். அவளும் என்னைப் போலத்தான், ஓரிடத்தில் உட்காராத ஜென்மம். இதைச் சொன்னதும் மேடம் சிரித்தார். "அப்போ தரையில பெரிசா எழுதி அது மேல நடக்க விடுங்க. கால் போன வழி கைக்கும் வரும்."

வாசலில் எழுதினால் தெருவே வேடிக்கை பார்க்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கடப்பாக்கம் கடற்கரைக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே எங்களைத் தெரிந்தவர் யாருமில்லை. கடல் தண்ணீரில் வாய் கொப்பளிக்க டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அண்ணியிடம் இவர் சொல்லிவைத்தார். கேட்டு எனக்கே தலை சுற்றியது.

காய்ந்த மணலில் கோடு நிற்கவில்லை. எழுத்தின் முனைகளில் சவுக்குக் குச்சி நட்டு, கயிறு பிடித்து, கோலமாவு தூவினேன். ஒவ்வொரு எழுத்தும் ஒரு வீட்டு அகலம். மகள் அதன்மேல் நடந்தாள், ஓடினாள், வளைவில் சத்தம் போட்டாள். புத்தகத்தைக் கண்டால் சுருங்கும் பெண் அங்கே வியர்க்க வியர்க்க எழுத்தைச் சுற்றி வந்தாள். எனக்கும் உட்கார வேண்டிய அவசியமில்லை, கயிற்றோடு அவள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். பல நாளுக்குப் பிறகு மனசு கொஞ்சம் அடங்கியிருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், வலை பின்னிக்கொண்டிருந்த ஆட்கள் எழுந்து எங்களிடம் வந்தார்கள். முன்னால் வந்தவர் குச்சிகளைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரும்மா நீ? எந்தக் கம்பெனி?"

"கம்பெனியா? இல்லண்ணா, சும்மா, கொழந்த வெளையாடுது."

"குச்சி நட்டு, கயிறு புடிச்சி, வெள்ள மார்க்கு போட்டுகினு கீற. இது வெளையாட்டா? போன தபா இப்டித்தான் கம்பெனி கட்ட எடம் பாக்க ரெண்டு பேரு வந்து அளந்தானுங்க. கேட்டா ஒண்ணுமில்லன்னானுங்க."

மீன் கூடையோடு நின்ற ஒரு பெண், "பொம்பளைய வுட்டு அளந்தா கேக்கமாட்டோம்னு நெனப்பு" என்றார். பின்னால் ஒருவர் ஊர்த்தலைவருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

பழக்கதோஷத்தில் பல் என்ற வார்த்தைதான் வாயில் வந்து நின்றது. கடற்கரையில் குச்சி நட்டுக்கொண்டு பல்லுக்கு வந்தோம் என்றால் யார் நம்புவார்கள்? அதற்குள் முன்னால் நின்றவர் குனிந்து ஒரு குச்சியைப் பிடுங்கினார்.

"அத்தப் புடுங்காதீங்க!" என்று கத்தினாள் மகள். "அது 'ம'வோட காலு."

"இன்னாது?"

"எனக்குப் படிக்க வராது. பெருசா எழுதி மேல நடந்தா வருது. அதுக்குத்தான் வர்றோம். நீங்க எழுத்து மேல நிக்கிறீங்க, தள்ளுங்க."

அவர் காலைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார். இவள் அந்த எழுத்தை முழுசாக நடந்து காட்டி, "இது ம" என்றாள். அடுத்ததற்கு ஓடினாள். யாரும் சிரிக்கவில்லை. போனில் இருந்தவர், "ஒண்ணுமில்ல தலைவரே, பள்ளிக்கூடப் பாடம்" என்று வைத்துவிட்டார். பிடுங்கியவர் குச்சியைப் பழைய குழியிலேயே நட்டுவிட்டுப் போனார்.

மீன்காரப் பெண் மட்டும் போகவில்லை. "இங்க ஏம்மா எழுதற? செத்த நேரத்துல வலை இழுப்பாங்க, எல்லாம் அழிஞ்சிடும். அந்தாண்ட இடிஞ்ச கோட்டை கீதே, அந்தப் பக்கமாப் போ, மணல் கெட்டியா கீது" என்றார். அவ்வளவுதான். நான் ஒரு வருஷமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்த ரகசியத்துக்கு அந்தக் கடற்கரையில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். குச்சிகளைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வெட்கமா, சந்தோஷமா, கோபமா என்று சொல்லத் தெரியவில்லை. வண்டியில் வரும்போது மகள் என் முதுகில் விரலால் ஏதோ எழுதிக்கொண்டே வந்தாள்.

வீட்டு வாசலில் இவர் குட்டியானையின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அண்ணி தலையைத் தூக்கி, "இன்னாடி, கொப்பளிச்சிட்டு வந்தியா? பல்லு எப்டி கீது?" என்று கேட்டார்.

"பல்லு நல்லாத்தான் கீது அத்த" என்றாள் மகள். "படிக்கத்தான் வரல. அதுக்குத்தான் செங்கல்பட்டு போறோம்."

இவர் கையில் கயிறு அப்படியே நின்றது. அண்ணி தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ உள்பக்கமா கம்பி?"

"கம்பியும் இல்ல, ஒண்ணும் இல்ல அத்த."

"அடப்பாவிங்களா! வருசம் பூரா கொழந்த கண்ணெதிர நான் மட்டும் முறுக்கத் தின்னுகினு இருந்தனே!"

முறத்தைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனவர் டப்பாவோடு வந்து அதை மகள் கையில் வைத்தார். தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, வீட்டுக்குள் போய்விட்டார். உள்ளே பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே உருண்டன.

இவர் ஏற்கெனவே கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். நான் ஸ்கூட்டியிலிருந்து கயிற்றையும் குச்சிகளையும் இறக்கினேன். வாயைத் திறந்தால் ஒரு வருஷத்துப் பாக்கியும் சேர்ந்து வந்துவிடும் என்று பயமாக இருந்தது. இவர் வண்டியைச் சுற்றி வந்து நின்று, என்னிடம் சொல்லாமல் மகளிடம் சொன்னார்.

"நாளைக்கு ஸ்கூலுக்கு நானும் வரேன். கையெழுத்துப் போடணுமில்ல."

அவள் வாய் நிறைய முறுக்கு. மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"வாங்கப்பா. அங்க வந்து பல்லுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."