கைகாட்டி

எங்கள் நர்சரிப் பள்ளி ஆயாவுக்குக் கைகாட்டி என்று பெயர் வைத்தது அம்மாக்களான நாங்கள்தான். காலையில் கேட்டை மறித்துக்கொண்டு நிற்பாள். "கையக் காட்டு கண்ணு" என்பாள். விரல்களை விரித்து இடுக்கு இடுக்காகப் பார்ப்பாள். சொறியோ சிரங்கோ கண்ணில் பட்டால் போச்சு, மந்திரி பிள்ளையானாலும் வீட்டுக்குத்தான்.

என் மகளைத் திருப்பி அனுப்பியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொசுக்கடிக்கா இந்த அலட்டல்?" என்று சண்டைக்குப் போனேன்.

"கொசு விரலிடுக்குலயா வரிசையா கடிக்கும்? டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா. வீட்ல எல்லாரும் ஒண்ணா மருந்து பூசணும். துணிமணியெல்லாம் வெந்நீர்ல போடுங்க."

என் வீட்டுக்காரர், "எனக்கென்ன கேடு?" என்று பூசாமல் இருந்துவிட்டார். போன சொறி திரும்பி வந்தது. மகளும் கேட்டிலிருந்து மறுபடி திரும்பி வந்தாள். அப்புறம்தான் மனுஷன் வழிக்கு வந்தார்.

அந்தச் சமயத்தில் ஆயா வெள்ளைத் துணிக் கையுறை போட ஆரம்பித்தாள். கேட்டால், "சோப்பு ஒத்துக்கல" என்றாள். அழுகிற பிள்ளைகளை நாள் முழுக்க இடுப்பில் சுமக்கிறவள். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

குணமாகிப் பள்ளிக்குப் போன அன்று என் மகள் இரண்டு கையையும் பெருமையாக விரித்துக் காட்டினாள். "இப்ப நீங்க காட்டுங்க ஆயா!"

நாங்கள் சிரித்தோம். ஆயா சிரிக்கவில்லை. குழந்தையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டைவிரல் கிழிந்த அந்தக் கையுறையைக் கழற்றி பெஞ்சில் வைத்தாள். விரலிடுக்கெல்லாம் சொறிந்து புண்ணாகிக் கிடந்தது.

அம்மாக்கள் பிள்ளைகளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்கள். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை ஓடிவந்தார்.

"என்ன ஆயா இது? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே மேடம்! லீவு கேட்டேன். லீவு போட்டா வேற ஆள் வச்சுக்குவேன்னு சொல்லி, இந்த கிளவுஸ நீங்கதானே குடுத்தீங்க?"

"வாய்க்கு வந்தபடி பேசாத. வெளிய போ."

மேடம் கூசாமல் சொன்னார். ஆயா கேட்டைத் தன் கையால் தொடாமல், முழங்கையால் தள்ளிக்கொண்டு போனாள்.

மறுநாளே புது ஆயா வந்துவிட்டாள். என் மகள் பழக்கத்தில் கையை நீட்டினாள். "உள்ள போ, உள்ள போ" என்று புது ஆயா முதுகில் தட்டி அனுப்பினாள். தட்டிய கையில் அதே வெள்ளைக் கையுறை. கட்டைவிரல் கிழிசல் கூட அப்படியே இருந்தது.

மருந்து நெடியடிக்கும் கைகாட்டியின் வீட்டுக்குப் போய், அவள் கையுறை இப்போது புது ஆயா கையில் இருப்பதை வாசலில் நின்றே சொன்னேன்.

"அவ கையும் நாளைக்கு இப்படித்தான் ஆவும்" என்றாள். "மேடம் கையைத்தான் எவளும் காட்டச் சொல்ல மாட்டா."