பால்பற்களும் கடைசிக் கதவும்

எங்கள் வீட்டுக்கு வருகிற ஒறம்பரை, சொந்தபந்தம் யாரும் என் கைக்கு என்ன ஆச்சு என்று கேட்பதில்லை. டிவியில் ஓடுகிற ஆட்டத்தைப் பார்த்துத்தான் கேட்பார்கள். "ஏனுங்க, இன்னுமா இந்தப் பொம்மை வெளையாட்டு?" சாத்துக்குடிப் பையை மேசைமேல் வைத்துவிட்டு, காரமடைக்கு ஒருக்கா போய்க் கும்பிட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். கருமத்தம்பட்டியில் ஒருத்தருக்கு இதே சீக்கு எண்ணெய் தேய்த்தே குணமானது என்பார்கள். ஒருத்தருக்கும் அந்த ஆளின் முகவரி மட்டும் தெரியாது. முன்கோபக்காரன் என்று பேர் வாங்கியவன் நான். ஆனாலும் அவர்களிடம் வாயைத் திறந்ததில்லை. வீடு தேடி வந்தவர்களை என்ன சொல்வது?

இதைக் கண்ணால் எழுதுகிறேன். கம்ப்யூட்டருக்குக் கீழே ஒரு சின்ன கேமரா இருக்கிறது, எந்த எழுத்தைப் பார்க்கிறேனோ அது விழும். ஒரு பத்தி முடிக்கக் காலை நேரம் முழுவதும் போய்விடுகிறது. அதனால் நல்ல பிள்ளையாக நடிக்கவெல்லாம் எனக்கு நேரமில்லை, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

கணபதியில் ஒரு பட்டறையில் சி.என்.சி. மெஷினுக்கு புரோகிராம் போட்டுக்கொண்டிருந்தேன். பம்ப் உதிரிபாகம் செய்கிற இடம். ஒருநாள் ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. மறுவாரம் டீ டம்ளர். "என்னுங்க, நேத்து ராத்திரி கொஞ்சம் சேர்த்துப் போட்டீங்களா?" என்று பசங்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. மோட்டார் நியூரான் நோய் என்றார். முதலில் கை, பிறகு கால், பிறகு பேச்சு, பிறகு மூச்சு என்று வரிசை சொன்னார். மருந்து இல்லையா என்று கேட்டோம். இல்லை என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, சுற்றி வளைக்கவில்லை.

வேலையை விட்டதும் டிவியில் ஆடுகிற அந்த வீடியோ விளையாட்டை எடுத்தேன். எப்போதோ தள்ளுபடியில் வாங்கித் தொடாமலே கிடந்தது. ஒரு குழந்தை நோய்வாய்ப்பட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறாள், எழுந்திருப்பதே இல்லை. அவள் காகிதத்தில் வெட்டிய ஒரு சின்ன மனிதன் அவளுடைய கனவுக்குள் இறங்குகிறான். அவன்தான் நாம். ஒவ்வொரு கனவிலும் அவனுக்கு ஒரு சக்தி கிடைக்கும். தட்டையாகிக் கதவடியில் நுழையலாம். மடிந்து படகாகி ஆற்றைக் கடக்கலாம். காற்று வந்தால் உடம்பை விரித்து மிதக்கலாம். விளக்குக்கு முன்னால் நின்றால், கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டெல்லாம் அவன் உடம்பு வழியாகத் தெரியும். அவனுக்கு என் பெயரையே வைத்தேன். விளையாட்டு ஒரு பெயர் கேட்டது, கொடுத்தேன், அதில் ஒரு யோசனையும் இல்லை.

கனவுகளுக்குள் அந்தக் குழந்தையின் பால்பற்கள் ஒளித்துவைக்கப்பட்டிருக்கும். கிணற்றுக்குள், கடிகாரத்துக்குள், தூங்கும் மாட்டின் காதுக்குள். அத்தனையையும் எடுத்தால்தான் கடைசிக் கதவு திறக்கும், அதற்கு அப்பால்தான் குழந்தை கண் விழிப்பாள். ஒரு பல் குறைந்தாலும் வேறு முடிவு. அவள் தூங்கிக்கொண்டே இருப்பாள், பாட்டு ஒன்று ஓடும், விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் வரும். எனக்கு அவள் விழிப்பதைப் பார்க்க வேண்டும். கை இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். வாழ்க்கையில் வேறெதையும் அப்படி வெறிபிடித்து நான் விரும்பியதில்லை, கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதைப் படித்தால் என் பெண்டாட்டி முறைப்பாள்.

என் மச்சினனுக்கு இது புரியவே இல்லை. "மச்சான், யூடியூப்ல போட்டா முடிவு மட்டும் தனியா இருக்குதுங்க. சித்த நேரத்துல பாத்துப்போடலாம்."

"கண்ணாலத்துக்குப் போகாம பந்தியை போட்டோவுல பாத்துட்டு வயித்தைத் தடவிக்கச் சொல்றியா? போடா," என்றேன். அப்போது எனக்குப் பேச்சு சுத்தமாக இருந்தது.

காகித மனிதனுக்குச் சக்தி கூடக்கூட எனக்கு விரல் குறைந்தது. அவன் மிதக்கக் கற்ற வாரம் என் வலது ஆள்காட்டி விரல் மடங்கி நின்றுவிட்டது. படகாகிற பொத்தானை அழுத்தக் கட்டைவிரலுக்குத் தெம்பில்லாமல், அவன் நடு ஆற்றில் ஊறிக் கரைந்தான். மறுபடி முயன்றேன், மறுபடி கரைந்தான். கண்ட்ரோலரைச் சுவரில் எறிய வேண்டும் போலிருந்தது. எறியவும் கை வேண்டுமே! மடியில் கிடந்த அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

அடுப்படியிலிருந்து வந்த என் பெண்டாட்டி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கண்ட்ரோலரை எடுத்தாள். "எதை அமுக்கோணும்னு சொல்லுங்க. நான் அமுக்கறேன்."

அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது போல ஒரு கொடுமையை என் எதிரிக்கும் நினைக்க மாட்டேன். காகித மனிதன் குதிக்கும்போது இவளும் சோபாவில் எழும்புவாள். கதவடியில் அவன் நுழையும்போது இவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். எதிரே வருகிற கனவுப் பூதத்தை அடிக்கச் சொன்னால், "அது பாட்டுக்கு நிக்குதுங்க, எதுக்குங்க வம்பு?" என்பாள். கனவுக்குள் யாராவது ஒரு வார்த்தை பேசினால் போதும், நின்று முழுவதும் படிப்பாள். நடுவில் விட்டுவிட்டு நடந்தால் மரியாதை இல்லையாம்.

"அம்மணி, அது கம்ப்யூட்டர். கோவிச்சுக்காது."

"இருக்கட்டுங்க. கடைசி வரைக்கும் சொல்லி முடிக்கட்டும்."

நான் கத்துவேன். வெசையா, வெசையா, சீக்கிரம் அமுக்கு, இடது பக்கம், ஐயோ உன் இடது இல்லை! அவள் பாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருப்பாள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, பக்கத்துப் பட்டறையின் கிரைண்டர் சத்தத்துக்கு நடுவில் எங்கள் ஆட்டம் நடந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவ்வளவு நேரம் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே கிடையாது. சந்தோஷம் என்று சொல்ல வாய் வரவில்லை. காலும் அந்த மழைக்காலத்தில்தான் போனது.

பிறகு நாக்கு தடித்தது. நான் ஒன்று சொன்னால் மச்சினன் "என்னுங்க?" என்பான், இன்னொரு முறை சொன்னால் அவன் பார்வை அவள் பக்கம் போகும். அவளுக்கு மட்டும் புரிந்தது. எனக்கு ஃபேன் வேண்டும், தலையணை வேண்டும், வந்த ஒறம்பரை எழுந்து போனால் தேவலை, எல்லாமே புரிந்தது. கடைசியாகச் சொன்னதை மட்டும் அவர்களிடம் எனக்குக் காபி வேண்டும் என்று மாற்றிச் சொல்லுவாள். நல்ல வேலை செய்தாள் என்று அப்போது எனக்குள் சிரிப்பு.

ஒரே ஒரு பல் பாக்கி. எல்லாக் கனவையும் சல்லடை போட்டுச் சலித்தாயிற்று. இண்டர்நெட்டில் பார்க்கக்கூடாது என்று எனக்குப் பிடிவாதம், அதையும் முனகலில்தான் சொன்னேன். அவள் கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு டிவியில் குழந்தையின் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் கனவு அது, ஓட்டு வீடு, நாங்கள் அதைத் தாண்டி வந்து மாதக்கணக்காகிவிட்டது.

"ஏனுங்க, நம்மூர்ல பல்லு உழுந்தா என்ன பண்ணுவோம்? சாணியில பொதிஞ்சு ஊட்டு மேல எறிவோமுல்லங்க. இந்தப் புள்ளையும் அப்படி எறிஞ்சிருக்காதா?"

வெளிநாட்டுக்காரன் செய்த விளையாட்டு, அவனுக்கு எப்படித் தெரியும் நம் வழக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் காகித மனிதனைக் காற்றில் விரித்துவிட்டாள். ஒரு முறை சுவரில் மோதி விழுந்தான். இரண்டாவது முறை ஓட்டுக்கு மேலே போய்விட்டான். இரண்டு ஓட்டுக்கு இடையில், ஒரு அரிசி அளவுக்கு வெள்ளையாக இருந்தது.

அவள் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா, எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி ஓடி வந்தார். "பல்லு கெடைச்சுருச்சுங்க அக்கா!" என்று இவள் சொல்ல, அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவள் வியர்வையோடு என் தலையைக் கட்டிக்கொண்டாள். நானும் சிரித்தேன். சிரிப்பு என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது.

கடைசிக் கதவை மறுநாளைக்கு வைத்துக்கொண்டோம். அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள், என்னமோ கோயிலுக்குப் போவது போல. கதவுக்கு அப்பால் என்ன நடக்கும் என்பதை விளையாட்டே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. குழந்தை தூக்கத்திலேயே காகித மனிதனிடம் கேட்பாள், போகிறாயா, திரும்பி வருவாயா என்று. போகிறேன் என்றால் குழந்தை விழிப்பாள், இவன் வெறும் காகிதமாகிவிடுவான். திரும்பி வருவேன் என்றால் எல்லாம் முதலிலிருந்து. சக்தி ஒன்றும் மிஞ்சாது, பற்கள் மறுபடி ஒளிந்துகொள்ளும், பழைய ஆட்டம் அழிந்துபோகும். இதை அவளுக்கு நான் விளக்கினேன். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. தலையாட்டினாள்.

கதவு திறந்தது. வெள்ளைக் கட்டில், குழந்தை, ஜன்னலில் வெளிச்சம். கேள்வி வந்தது. மேல் வரியில் 'போகிறேன்', கீழ் வரியில் 'திரும்பி வருவேன்'. என் பெயர் அவற்றுக்குப் பக்கத்தில் மினுமினுத்தது. அவள் கட்டைவிரல் மேலே போனது, நின்றது, கீழே இறங்கி அமுக்கியது.

டிவி கறுத்தது. பிறகு அதே ஓட்டு வீடு, அதே ஆறு. காகித மனிதன் நடக்க மட்டும் தெரிந்தவனாக நடுத்தெருவில் நின்றான்.

நான் திட்டினேன். எருமை, மூதேவி, உன்னிடம் போய்க் கொடுத்தேனே, என் கை இருந்திருந்தால்! எச்சில் தாடையில் வழிந்தது. வேறு யாருக்கும் அது ஊளையாகத்தான் கேட்டிருக்கும். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவள் துண்டை எடுத்து என் வாயைத் துடைத்தாள். "தெரிஞ்சேதானுங்க அமுக்குனேன். கடைக்குப் போறப்பவே போயிட்டு வாரேன்னு சொல்ற ஊடுங்க இது. உங்க பேரைப் போட்டு வெச்சுக்கிட்டு, போறேன்னு நான் எப்படிங்க அமுக்குவேன்?" துண்டை மடித்துக்கொண்டே, "மொதல்ல இருந்து எடுத்துக்கலாமுங்க. இப்பத்தான் எனக்கு எல்லாந் தெரியுமே," என்றாள்.

அவளுக்கு நேரம் இருந்தது. எனக்கு இல்லை. இது அவளுக்கும் தெரியும். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். என்னால் முடிந்த கோபம் அவ்வளவுதான். அவள் ஊட்டினால் விழுங்கினேன், கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. டிவியைத் துணி போட்டு மூடிவைத்தாள்.

அந்தக் கோபம் தீருவதற்குள் ஆஸ்பத்திரி நாள் வந்தது. ஊதச் சொல்லி டாக்டர் மூச்சை அளந்தார். அளந்ததை இரண்டு தடவை பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கண் கேமரா அப்போது எங்களிடம் இல்லை. என் வாயிலிருந்து என்ன வந்தாலும் அதை அவள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

"மூச்சு கொறஞ்சுட்டே வருதுங்க. திடீர்னு திணறுனா, தொண்டையில துளை போட்டு மிஷின் வெக்கலாம். வெச்சா நாள் ஓடும், ஆனா கழட்ட முடியாது. ஒடம்பு இன்னும் மோசமாத்தான் போகும். வேண்டாம்னா வலி தெரியாம பாத்துக்குவோம். நீங்க நெனப்போட இருக்கறப்பவே கேட்டு வெச்சுக்கணுமுங்க. வெக்கறதா, வேண்டாமா?"

எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. படுக்கையோடு படுக்கையாக, கண் மட்டும் உயிரோடு, ஒரு குழாயில் தொங்கிக்கொண்டு கிடக்க நான் தயாரில்லை. இதைப் பல ராத்திரி எனக்குள் சொல்லிப் பார்த்தவன். "வேண்டாம்," என்றேன். தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று இன்னொரு முறையும் சொன்னேன். முனகலாகத்தான் வந்தது.

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"வெக்கச் சொல்றாருங்க," என்றாள் அவள்.

என்னைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துச் சொன்னாள். காபி வேண்டும் என்று சொல்வது போலவே சொன்னாள். என் கையை அவளிடம் கொடுத்தேன், நாக்கைக் கொடுத்தேன், இரண்டையும் வைத்து இவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள்!

டாக்டர் விவரமான ஆள். குனிந்து என் கண்ணைப் பார்த்தார். "அவங்க சொல்றது சரிங்களா?"

கழுத்து அப்போதும் எனக்கு நன்றாக அசைந்தது. இடமும் வலமுமாக ஒரு தடவை ஆட்டினால் போதும். அவள் என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரல் விரலாக நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் தினமும் செய்கிற பழக்கம், மரத்துப்போகாமல் இருக்க. அவள் தலை நிமிரவே இல்லை. அந்த மிஷின் எனக்கு வேண்டாம். இதை எழுதுகிற இந்தக் காலையிலும் எனக்கு வேண்டாம்தான்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.