சர்ஃபேஸ் பிளேட்டில் பரத்திய பாஸ்தா

போன வாரம் என் அண்ணன் மகன் போனில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. "அத்தை, நான் ஆபீஸ் வேலையா பொலோஞா போறேன். மத்லப், இத்தாலி. அங்க பாஸ்தா எங்க நல்லா இருக்கும்? டூரிஸ்ட் எடம் வேணாம். நீ அங்க இருந்திருக்கேன்னு பப்பா சொன்னார்" என்று இந்தி கலந்து ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொல்லியிருந்தான். கேட்டவுடன் எனக்கு என்ன பெருமை வந்தது தெரியுமா! இருபது வருஷத்துக்கு மேலாக இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தவள் நான். எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன்.

எங்கள் பழைய கம்பெனியின் ஆய்வு அறிக்கைப் படிவம் அது. முன்பக்கம் ஏதோ ஒரு ஷாஃப்ட்டின் அளவுகள். பின்பக்கம், அடித்தது போக, ஒன்பது சாப்பாட்டுக் கடைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக். மூலையில் ஒரு எண்ணெய்க் கறை. முகர்ந்து பார்த்தேன். வெண்ணெயா, மெஷின் ஆயிலா, தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் பொருத்தம்தான்.

மெஷின் ஆயில் வாசனை என்றால் எனக்குப் புனேக்குப் பக்கத்து போசரிதான். தொண்ணூறுகளின் கடைசியில், டிப்ளமோ முடித்த கையோடு, அங்கே பொட்டலம் போடும் இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். வீடு தேஹு ரோட்டில், அப்பா வேலை பார்த்த ராணுவ டிப்போவின் குவார்ட்டர்ஸ். காலையில் லோக்கல் ரயில் பிடித்து கசார்வாடியில் இறங்கினால் வெளியே சிக்ஸ் சீட்டர் ஆட்டோக்கள் நிற்கும். பெயர்தான் ஆறு, பதினோரு பேர் ஏறுவோம். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு பாதி இடம் உண்டு, அதில் ஒரு முழு ஆள் உட்காருவார். அந்த நசுங்கலிலும் என் டிபன் டப்பா கவிழாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் நான் கெட்டிக்காரி. வேறு கெட்டிக்காரத்தனம் என்று கேட்டால், அளப்பது. தரப் பரிசோதனை அறையில் எனக்கு வேலை. மைக்ரோமீட்டர் என் ஏப்ரன் பையில் எப்போதும் இருக்கும், மற்ற பெண்கள் சீப்பு வைத்திருப்பது மாதிரி.

அந்த அறைக்குள் ஒரு கருங்கல் மேசை இருந்தது. சர்ஃபேஸ் பிளேட் என்போம். மேடு பள்ளம் என்பதே இல்லாமல் மட்டமாகத் தேய்த்த கல். அளக்க வேண்டிய எதையும் அதன் மேல் வைத்துத்தான் அளப்போம். அதன் மேல் டீ கிளாஸ் வைத்த, லேத் ஓட்டும் ஒரு டர்னரை நான் திட்டிய திட்டு அடுத்த ஷெட் வரை கேட்டது என்பார்கள். சாயங்காலம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, துணி போர்த்திவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். என்ன செய்வது, அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பாசத்தை வைக்க வேறு இடமில்லை.

எங்கள் கம்பெனி இத்தாலிக்காரர்களோடு சேர்ந்து ஒரு புது இயந்திரம் செய்ய ஒப்பந்தம் போட்டது. அதற்காக பொலோஞாவிலிருந்து ரெமோ என்று ஒரு மெக்கானிக் மூன்று வாரத்துக்கு வந்திறங்கினார். ஐம்பது வயது, பெரிய தொந்தி, உடைந்த ஆங்கிலம். வந்த முதல் விடுமுறை நாளில் எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் ஜக்தாப் சார் அவரை புனே கேம்ப் பக்கம் ஒரு நல்ல ஓட்டலுக்கு அழைத்துப் போய் ஆசையாக பாஸ்தா வாங்கிக் கொடுத்தார். குழைய வேகவைத்த மக்ரோனி, மேலே சீஸ், உள்ளே அன்னாசிப்பழத் துண்டுகள். அன்றைய புனேயில் அதுதான் பாஸ்தா. எங்களுக்கெல்லாம் அது ரொம்பப் பிடிக்கும் வேறு. ரெமோ மறுநாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு அவர் கேன்டீனிலேயே பருப்பும் சோறும் சாப்பிட்டார், சந்தோஷமாகவே. ஆனால் ஒவ்வொரு மதியமும் தன் ஊரில் பாஸ்தா எங்கே நன்றாக இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லுவார். இரண்டு கோபுரங்களுக்குப் பின்னால் ஒரு சந்து. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் மெக்கானிக்குகள் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடும் ஒரு கூடம். மழை பெய்தாலும் நனையாமல் தூண் வரிசைக் கூரைக்குக் கீழேயே நடந்து போகக்கூடிய ஒரு மாமியின் கடை. பருப்புச் சோற்றை ஸ்பூனால் கிளறிக்கொண்டே அவர் கண்ணை மூடிச் சொல்வதைக் கேட்டால் நமக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆள் பொலோஞா போய் ஆறு வாரம் அந்த இயந்திரத்தின் பரிசோதனை முறையைக் கற்றுவர வேண்டும். போய் வருகிறவர்தான் புது லைனின் பரிசோதனைக்குப் பொறுப்பு. அந்த வேலை எனக்கு வேண்டும். வேண்டும் என்றால், ராத்திரி பகல் அதே நினைப்பு. எனக்குப் போட்டியாக இருந்தவர் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது; வெர்னியர் அளவுகோலை வெளிச்சத்துக்கு எந்தப் பக்கம் பிடிப்பது என்று என்னிடம் கேட்டவர். ஆனால் அவர் கோழி சாப்பிடுவார்.

சிரிக்காதீர்கள். எங்கள் கம்பெனியின் வெளிநாட்டுப் பயணப் படிவத்தில் பெயர், பதவி, பாஸ்போர்ட் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கட்டம் உண்டு: உணவு, சைவமா அசைவமா. சைவம் என்று எழுதினால் படிவம் திரும்பிவிடும். அதற்குக் காரணமும் உண்டு. அதற்கு முந்தைய வருஷம் பெட்டி நிறைய சிவ்டா என்கிற அவல் மிக்சரோடு ஐரோப்பா போன ஒரு சைவ ஃபிட்டர், சிவ்டா தீர்ந்த அன்றே விமானம் ஏறித் திரும்பி வந்துவிட்டார். அதிலிருந்து ஜக்தாப் சாருக்கு சைவம் என்றாலே பயம். என் படிவத்தைப் பார்த்துவிட்டு, "தும் உதர் காவோகி க்யா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். அங்கே போய் என்னதான் சாப்பிடுவேன் என்பது அவர் கேள்வி. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அக்கறையாகக் கேட்டதால் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மதியம் ரெமோவிடம் சொன்னேன். மனிதர் ஸ்பூனைத் தட்டில் போட்டார். தன் ஊரில் ஒரு பெண் பட்டினி கிடப்பாள் என்று சொல்வது தன் அம்மாவைத் திட்டுவதற்குச் சமம் என்றார். கையில் கிடைத்த ஆய்வு அறிக்கையைத் திருப்பிப் போட்டு, எழுது என்றார். பதினாலு கடை சொன்னார். அப்புறம் ஒவ்வொன்றாக அடித்தார்: இங்கே பாஸ்தாவுக்குள் பன்றி, இங்கே குழம்பில் மாடு, இங்கே ரசம் மாதிரி ஒன்று வரும், அதில் கோழி. ஒன்பது மிஞ்சியது. கீரையும் பாலாடையும் பொதிந்தது, வெண்ணெய் மட்டும் போட்டது, தக்காளி போட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன். அப்போது அவர் தயங்கி ஒன்று சொன்னார். பொலோஞாவில் மாவு பிசையத் தண்ணீர் ஊற்றமாட்டார்கள். முட்டைதான்.

முட்டை எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. திருநெல்வேலிச் சைவம், என் பள்ளித் தோழி கொண்டுவந்த பிறந்தநாள் கேக்கையே அம்மா முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எனக்குக் கொடுப்பாள். மறைத்துவிட்டுப் போகலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆறு வாரம் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அப்பா நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏட்டி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. டிப்போ வாசல்ல ஒரு ஆம்லெட் பாவ் வண்டி நிக்கும்லா. பொதங்கெழமை பொதங்கெழமை நான் அங்கதான் சாப்பிடுதேன்."

"எத்தன நாளாப்பா?"

"பதினெட்டு வருசமா."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எனக்குத் தெரியும். பொதங்கெழமை மட்டும் ரெண்டு சப்பாத்தி திரும்பி வரும்லா."

அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கலே வந்துவிட்டது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "நீ போயிட்டு வா. இங்க கொண்டாராத, அவ்வளவுதான்" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து புதன்கிழமைகளில் அப்பாவுக்கு டிபன் கட்டுவதையும் நிறுத்திவிட்டாள்.

மறுநாள் நான் நேராக ஜக்தாப் சாரிடம் போய் நின்றேன். "சார், பொலோஞாவில் கிடைக்கும் பாஸ்தாவை உங்கள் முன்னால் சாப்பிடுகிறேன். தட்டில் மிச்சம் வைத்தால் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள்" என்று இந்தியில் சொன்னேன். அவருக்குப் பந்தயம் என்றால் பிடிக்கும். எங்கள் வாராந்திர விடுமுறை வியாழன், வயிறு கெட்டாலும் வேலை கெடாது என்று புதன் மதியம் முடிவானது.

புதனன்று ரெமோ கேன்டீனில் மைதாவைக் குவித்து நடுவில் பள்ளம் பண்ணி முட்டைகளை உடைத்து ஊற்றிப் பிசைந்தார். பிசைந்ததெல்லாம் அருமை. பரத்தும்போதுதான் வம்பு. சப்பாத்திக் கட்டை அவருக்குக் குட்டையாக இருந்தது. கை நீளத்துக்கு வேண்டும் என்றார். கேன்டீன் மேசையோ பல வருஷம் அடிபட்ட தகரம்; மாவு ஒரு பக்கம் காகிதம், ஒரு பக்கம் அடை. அவர் முகம் வாடிவிட்டது. சமையல் செய்யும் மௌஷி, "கடுகு தாளிச்சுக் கொட்டினா எல்லாம் சரியாகும்" என்று மராத்தியில் ஆறுதல் சொன்னாள். ஜக்தாப் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ! கம்பெனி ஸ்டோருக்கு ஓடி, கண்ணாடி மாதிரி கிரைண்டிங் செய்த ஒரு உருளைக் கம்பியை வாங்கினேன். தொண்ணூறு சென்டிமீட்டர், கடைசல் பிசிறு ஒன்றுகூட இல்லை. எண்ணெய் போகச் சோப்பும் வெந்நீரும் போட்டு மூன்று முறை தேய்த்தேன். அப்புறம் ரெமோவை என் அறைக்கு அழைத்துப் போய், சர்ஃபேஸ் பிளேட்டின் துணியை விலக்கி, ஸ்பிரிட்டும் வெந்நீருமாகத் துடைத்துவிட்டு, "இதில் பரத்துங்கள்" என்றேன். நான் திட்டிய அந்த டர்னர் வாசலில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்லின் மேல் மாவு விரிந்த அழகை எப்படிச் சொல்ல! ரெமோ கம்பியை உருட்டி உருட்டி, மாவைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நான் அவரை நிறுத்திவிட்டு மைக்ரோமீட்டரை எடுத்தேன். மாவு நசுங்காமல் மெல்ல மெல்லத் திருகினேன். ஒன்பது இடத்தில் அளந்தேன். எங்கு தொட்டாலும் புள்ளி எட்டு, அதாவது முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. தலைமுடி அளவுக்குக்கூட வித்தியாசமில்லை. ரெமோ என் கையிலிருந்து கருவியை வாங்கித் தானே ஒருமுறை பார்த்தார். தன் அம்மா இதைப் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு வெட்டுவது. வெந்தபின் அகலம் எட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது அவர் ஊர் வழக்கமாம். வெந்தால் ஊதும், அப்படியானால் பச்சையாக ஆறரை என்று கணக்குப் போட்டு, ஸ்டீல் ஸ்கேலை வைத்து நானே வெட்டினேன். என் சப்பாத்திகள் எந்த நாட்டு வரைபடத்திலும் சேராதவை. ஆனால் அன்று வெட்டிய நாடாக்களில் ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகவில்லை.

கேன்டீனில் வெண்ணெயும் தக்காளியும் மிளகும் சேர்ந்து மணத்தது. மௌஷி கடுகோடு நெருங்கியபோதெல்லாம் ரெமோ இரண்டு கையையும் விரித்து அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றார். தட்டு வந்தது. சுற்றிலும் முப்பது பேர். முதல் வாயில் முட்டை வாசனை தொண்டையில் நின்றது, பொய் சொல்ல மாட்டேன். அப்பாவின் பதினெட்டு வருஷத்தை நினைத்துக்கொண்டு விழுங்கினேன். இரண்டாம் வாயில் வெண்ணெய் தெரிந்தது. மூன்றாவதில் பல்லுக்கு இதமாக ஒரு இழுப்பு. அன்னாசி மக்ரோனியில் இல்லாத ஒன்று. அதற்கப்புறம் எண்ணவில்லை. தட்டை வழித்துவிட்டு, "மௌஷி, இன்னும் கொஞ்சம்" என்றேன். மௌஷி கரண்டியைத் தூக்கி, "அக பாய்!" என்று வியந்து கத்தினாள். முப்பது பேரும் மேசையைத் தட்டினார்கள். ஜக்தாப் சார் தானும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, அங்கேயே நின்றபடி படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பரிசோதனையில் தேறிய பாகங்களுக்குக் கட்டும் பச்சை நிற 'பாஸ்' சீட்டு ஒன்றை நான் பையிலிருந்து எடுத்து என் காலித் தட்டில் கட்டினேன். கொஞ்சம் அதிகப்படிதான். இருக்கட்டுமே.

பொலோஞாவில் ஆறு வாரத்தில் ஒன்பது கடைகளையும் முடித்தேன். ஸ்டேஷன் பக்கத்துக் கூடத்தில் என்னைச் சுற்றி முழுக்க மெக்கானிக்குகள், போசரியில் இருப்பது போலவே இருந்தது. தூண் வரிசை மாமியின் கடையில், ஜன்னலோரம் அவர் மாவு பரத்தும்போது அனுமதி கேட்டுக்கொண்டு அளந்து பார்த்தேன். அதே புள்ளி எட்டுதான். திரும்பி வந்து புது லைனைப் பதினோரு வருஷம் நடத்தினேன்.

அண்ணன் மகனுக்கு ஒன்பதையும் சொல்லி அனுப்பினேன். படம் போட்ட மெனு வைத்திருக்கும் கடைக்குள் போகாதே, ஜன்னலில் மாவு பரத்தும் கை தெரிந்தால் யோசிக்காமல் நுழை என்றும் சொன்னேன். அவன் மேப்பில் தேடிவிட்டு, "அத்தை, ஆறு பந்த் ஆயிடுச்சு. மூணு இருக்கு" என்றான். மூணு போதும், கண்ணா.

இங்கே மட்டும் என்ன இருக்கிறது? சிக்ஸ் சீட்டர் கிடையாது. கம்பெனி ஊருக்கு வெளியே சாக்கணுக்குப் போய்விட்டது. எங்கள் ஷெட் இருந்த இடத்தில் யாரோ பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கருங்கல்லை யார் வாங்கிப் போனார்கள் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. டிப்போ வாசல் ஆம்லெட் வண்டியும் இல்லை, புதன்கிழமைகளில் அங்கே போக அப்பாவும் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பிறகு அதே லைனிலிருந்து இரண்டு சைவப் பெண்கள் பொலோஞா போனார்கள். மூன்றாவதாக ஒருத்தி விண்ணப்பித்தபோது, படிவத்தைச் சரிபார்க்க என் மேசைக்குத்தான் அனுப்பினார்கள். புதிதாக அச்சடித்த படிவம். பெயர், பதவி, பாஸ்போர்ட். மேலிருந்து கீழாக இரண்டு தடவை பார்த்தேன். அந்தக் கடைசிக் கட்டத்தைக் காணோம்.