ஆடுவது வீலா, ரோடா?

இன்று திருவொற்றியூர் டோல்கேட் பக்கம் ஒரு கடையில், வேறு கம்பெனிக் காரின் பழைய அலாய் வீல்களை என் காருக்கு மாட்டினேன்.

போல்ட் எல்லாம் பொருந்தின. வீலின் நடு ஓட்டை மட்டும் பெரிது. "இடைவெளியை அடைக்க ரிங் போட வேண்டாமா?" என்று கேட்டேன்.

"போல்ட்டு கெட்டியா புடிச்சிக்கினு கீது. ரிங்கு இன்னாத்துக்கு நைனா? தகிரியமா போ" என்றார் கடைக்காரர்.

எண்ணூர் போகும் வழியில் ஸ்டியரிங் உதறியது. பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஊர்ந்தபடியே கடைக்குத் திரும்பினேன்.

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "வீலு ஆடல நைனா, ரோடு ஆடுது. நல்ல ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்லு."

கன்டெய்னர் லாரிகள் தோண்டிய பள்ளங்களை நினைத்தால், இல்லையென்று எப்படிச் சொல்வது?

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் அப்படி ஒரு நல்ல ரோடு யாருக்காவது தெரியுமா? தெரிகிற வரைக்கும் நாங்கள் பஸ்தான்.