அக்காவின் விரல்கள் வாசித்த கடிதம்

மேசைப் பலகையில் யாராவது நகம் படத் தட்டினால் எனக்கு இன்னும் கொழும்பு வெள்ளவத்தையின் கடல்காற்று அடிக்கிறது. டொக். டொக்டொக். ரயில் பாதையை ஒட்டிய ஒழுங்கையில் ஒரு கொமியுனிகேஷன் கடை. மூன்று தொலைபேசிகள், ஒரு கணினி, அதன் முன்னால் நான். சண்டைக் காலம். வெளிநாடு போன பிள்ளைகளின் குரல்களெல்லாம் அந்தச் சின்ன அறைக்குள்தான் வந்து இறங்கின.

கணினியில் நான் பெரிய ஆள் என்று எனக்கு நினைப்பு. முதல் நாள் வைரஸ் பிடித்திருந்ததால் முழுவதையும் துடைத்துப் புதிதாக ஏற்றியிருந்தேன். ஏற்ற முடியாமல் போனது ஒன்றே ஒன்று: தமிழ் எழுத்துரு. அது இருந்த பிளொப்பி உப்புக்காற்றில் பழுதாகித் திறக்க மறுத்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பௌர்ணமி, போயா விடுமுறை. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இருபது வருடமாகத் தமிழ்த் தட்டச்சு செய்துவந்த என் அக்கா, கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து சோற்றுப் பார்சலோடு வந்து கடையில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்து அம்மா உள்ளே வந்தார். மகனை ஏஜென்சிக்காரனோடு வெளிநாட்டுக்கு அனுப்பி ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேல். உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. அன்று பின்னேரம் அவருக்கு ஊருக்குத் திரும்ப விமானம். இரத்மலானை விமான நிலையத்துக்குப் போக வாசலில் திரீவீலர் நின்றது. கடைசியாக ஒருமுறை பார்க்கச் சொன்னார்.

மகனின் மின்னஞ்சல் வந்திருந்தது. திறந்தேன். திரை நிறைய ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும், கலைந்த எறும்புக் கூட்டம் போல.

"இது என்ன பாஷை, தம்பி?"

"தமிழ்தான் அம்மா. எழுத்துத்தான் இல்லாமப் போட்டுது."

"ஆர் இல்லாமச் செய்தது?"

"நான்தான்."

எழுத்துருவை இணையத்திலிருந்து இறக்கப் பார்த்தேன். பாதியில் லைன் அறுந்தது. மூன்றாம் முறையும் அறுந்தது. "யமுத, மல்லி?" போவோமா தம்பி என்று வாசலிலிருந்து திரீவீலர் சாரதி சிங்களத்தில் கேட்டார். அந்த அம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றார்.

"தள்ளு, பெரிய எஞ்சினியர்," என்று அக்கா எழுந்து வந்தாள். திரையைப் பார்த்தாள். மேசை விளிம்பில் விரல்களை வைத்தாள்.

எம். கே. அரைப்புள்ளி. கே. எச். வலக்கை ஐந்து முறை தட்டியது.

"அம்மா," என்றாள்.

அந்த எழுத்துருவைத் தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வரிசையிலேயே செய்திருந்தார்கள். திரையில் கே இருந்த இடத்தில் அவளுடைய நடுவிரலுக்கு 'ம' இருந்தது. கண்ணுக்குத் தெரியாததை விரல் தெரிந்து வைத்திருந்தது. நகங்கள் மரத்தில் நடக்க நடக்க, வாய் பின்னாலேயே வந்தது.

"அம்மா, வந்து சேர்ந்திட்டன். ஒரு கோட்டு தந்திருக்கினம். ரெண்டு பேர் போடலாம். ஒழுங்காச் சாப்பிடுறன், நீங்கள் நம்பமாட்டீங்கள்."

"பொய்," என்றார் அம்மா. அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். முகமெல்லாம் நனைந்து சிரித்தது.

"பதில் என்ன அடிக்க? கெதியாச் சொல்லுங்கோ."

"கோட்டைக் கழட்டாமப் படுக்கச் சொல்லு, பிள்ளை."

அக்கா விசைப்பலகைக்கு மாறினாள். திரையைப் பார்க்கவேயில்லை. எறும்புகள் மறுபடி வரிசையாய் ஊர்ந்தன.

"இந்தக் குப்பை அவனுக்கு விளங்குமோ?"

"அங்க போய்த் தமிழாகும். இவனைப் போல உங்கட மகன் எல்லாத்தையும் அழிச்சிருக்க மாட்டான்."

எத்தனையோ மென்பொருள்களை அதன்பின் பார்த்துவிட்டேன். வாய்ப்பேச்சை எழுத்தாக்குவது, எழுத்தைப் பேச்சாக்குவது. ஒவ்வொன்றுக்கும் ஒருகணம் வியந்து, மறுகணம் அந்த மேசை விளிம்பைத்தான் நினைக்கிறேன். யாரும் நிமிர்ந்து பார்க்காத சுற்றறிக்கைகளை அடித்தடித்துக் காய்த்த விரல்கள். என் அக்காவின் விரல்கள். அந்த வாரம் முழுக்க, லைனுக்குக் காத்திருந்த ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லித் தீர்த்தேன்.

அன்று அந்த அம்மாவின் பெட்டியை வண்டியில் தூக்கி வைத்தேன். திரீவீலர் உறுமியது. அம்மா பக்கவாட்டில் தலையை நீட்டினார்.

"தம்பி, அந்த எழுத்தை நீ ஆறுதலாப் பிறகு போடு. அக்காவை மட்டும் எங்கயும் விட்டிடாதை."