உச்சந்தலை மூழ்கியதா?

"அன்பான சபையாருக்கு, உங்கள் வெள்ள நிவாரணப் பணிக்காக எங்கள் பெண்கள் ஐக்கியம் சேகரித்த உடைகளை இத்துடன் அனுப்புகிறோம். எல்லாம் நல்ல நிலையில் உள்ளவை."

பெங்களூரில் இருக்கும் ஒரு சகோதர சபை எழுதிய இந்தக் கடிதத்தில் தேதி இல்லை. ஆகவே மூட்டைகளை இறக்கிய நாளை நானே மூலையில் பென்சிலால் குறித்தேன்: நவம்பர், மூன்றாம் வெள்ளி, காலை, தூறல். எங்கள் பாப்டிஸ்ட் சபையின் ஆண்டறிக்கையை எழுதுவது என் பொறுப்பு. தேதி இல்லாத எதையும் அதில் சேர்த்துப் பழக்கமில்லை.

கடிதம் பொய் சொல்லவில்லை. உடைகள் நல்ல நிலையில்தான் இருந்தன. கோட்டுகள், கழுத்துவரை ஏறும் கம்பளிச் சட்டைகள், குரங்குக் குல்லாக்கள், ஒரு வக்கீல் அங்கி. மறுநாளே வேன் பிடித்து, வெள்ளம் புகுந்த வரிச்சிக்குடிக் கிராமத்துக்குக் கொண்டுபோனோம். வயலில் தண்ணீர் ஏற்கெனவே வடிந்திருந்தது. ஓர் அம்மாள் கம்பளிச் சட்டையை விரித்துப் பார்த்தார்.

"இதப் போட்டுக்கிட்டுக் களை எடுத்தா அவிஞ்சுல்ல போயிருவோம்ங்க."

"குளிருக்குங்க," என்றார் எங்கள் போதகர்.

"எந்த ஊருக் குளிருக்குங்க?" என்று கேட்டுவிட்டு, போதகரின் முகம் வாடியதைப் பார்த்து, "சரி விடுங்க. இம்புட்டு தூரம் வந்திருக்கீங்க, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். எங்கள் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வந்தன. அறிக்கைப் படிவத்தில் 'பயன்பெற்றோர்' என்று ஒரு பத்தி உண்டு. நேர்மையாக எழுதுவதென்றால் எங்கள் பெயர்களைத்தான் எழுத வேண்டும். வெறுமையாக விட்டேன்.

மூட்டைகள் திரும்பி வந்தன. ஆலயத்தில் எலி புகாத இடம் ஒன்றுதான்: பிரசங்க மேடைக்கு அடியில், பலகை மூடி போட்ட ஞானஸ்நானத் தொட்டி. எங்கள் சபையில் தலையில் தண்ணீர் தெளிப்பது செல்லாது. ஆளே முழுவதும் மூழ்கி எழ வேண்டும். அதற்கான தொட்டி அது. அந்த வருஷம் யாரும் முழுக்குக்கு வரவில்லை என்பதால், மூட்டைகளை அதற்குள் அடுக்கினோம். 'தற்காலிகமாக' என்று நான் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

ஜனவரியில் ஒருவர் வந்தார். கீழவாஞ்சூர் துறைமுகப் பக்கம் லாரி எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி எங்கள் சபை உறுப்பினர். இவர் லுத்தரன் குடும்பம், குழந்தையிலேயே தெளிப்பு ஞானஸ்நானம் பெற்றவர். முழுக்கு எடுக்காதவருக்கு எங்களிடம் திருவிருந்தில், அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனையில், பங்கு கிடையாது. அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு தோறும், அப்பத் தட்டு வரும் நேரத்தில் மனைவியின் பக்கத்திலிருந்து எழுந்து, வெளியே செருப்புகளோடு நிற்பார். வருஷக்கணக்காக நின்றார்.

"போன மாசம் வீட்டுக்காரம்மா கை நடுங்கிக் கிண்ணத்தக் கொட்டிட்டாங்க ஐயா. பக்கத்துல புடிக்க ஆளு இல்ல," என்றார் போதகரிடம். "அடுத்த திருவிருந்துக்கு நான் உள்ள இருக்கணும். முக்கிருங்க."

பலகையைத் தூக்கினோம். தொட்டி நிறைய கோட்டு. வெளியே எடுத்தால் எலி. சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கன்களில் ஒருவர்தான் யோசனை சொன்னார்: பட்டினச்சேரியில் கடலே இருக்கிறதே.

ஜனவரி கடைசி ஞாயிறு, மாலை, வடகிழக்குக் காற்று. எங்கள் போதகர் கரூர்ப் பக்கத்துக்காரர், கடல் பழக்கமில்லாதவர். தொட்டியில் அவர் எப்போதும் சபையைப் பார்த்துத்தான் நிற்பார், சபைக்குப் புறம் காட்டுவது மரியாதையல்ல என்று. கடலிலும் அப்படியே, எடைமேடைக்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, இடுப்பளவு நீரில், கரையிலிருந்த எங்களைப் பார்த்து நின்றார். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"சார்! கடலுக்கு முதுகக் காட்டாதீங்க!" என்று ஒருவர் கத்தினார்.

போதகர் புன்னகைத்து, அவரை ஆசீர்வதிப்பதுபோலக் கையை உயர்த்தினார்.

"கைய ஆட்டுறாரு பாரு. யோவ், திரும்புயா!"

ஞானஸ்நான வாசகம் 'பிதா, குமாரன்' வரை கேட்டது. அதற்குப் பிறகு அலை. அடங்கியபோது போதகரைக் காணவில்லை, வெள்ளை அங்கி மட்டும் மிதந்தது. வலைக்காரர்கள் இரண்டு பேர் ஓடி, அங்கிக்குள் கைவிட்டு அவரை வெளியே எடுத்தார்கள். எடைமேடைக்காரர் தானாகவே நின்றுகொண்டிருந்தார், மூக்குக்கண்ணாடியோடு. போதகர் இருமியபடியே 'ஆமென்' என்றார். நாங்கள் பாடினோம்.

திங்கட்கிழமை டீக்கன்கள் கூடினார்கள். முழுக்குக் கொடுத்தவர் முழுதாக மூழ்கினார், அதில் சந்தேகமில்லை. வாங்கியவர் மூழ்கினாரா?

"நான் கண்ண மூடியிருந்தேன்," என்றார் அவர்.

"நான் தண்ணிக்குள்ள இருந்தேன்," என்றார் போதகர்.

வலைக்காரரைப் போய்க் கேட்டோம். "நான் உங்க சாமியாரத் தேடுனேனா, இவரு மண்டையப் பாத்தேனா?" என்றார்.

கடைசியில் மனைவியைக் கேட்டார்கள். அந்த அம்மாள் பொய் சொல்லிக் கேட்டதில்லை. "கழுத்து வரைக்கும் பாத்தேன். அப்புறம் நுரை. வழுக்கை தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

"ஏம்மா, எனக்காக ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"தெரிஞ்சதத்தானேங்க சொல்ல முடியும்?"

மறுபடி முழுக்கலாமே என்றார் ஒரு டீக்கன். ஞானஸ்நானம் ஒன்றே என்று போதித்துவிட்டு எத்தனை தரம் கொடுப்பது என்றார் இன்னொருவர். எடைமேடைக்காரர் எழுந்தார். "சின்னதுல ஒண்ணு, கடல்ல ஒண்ணு. மூணாவதும் முக்குனீங்கன்னா அது ஞானஸ்நானம் இல்ல, துவைக்கிறது." தீர்மானம் இல்லாமலே கூட்டம் கலைந்தது.

பிப்ரவரி, முதல் ஞாயிறு. தட்டு புறப்பட்டதும் எல்லோருடைய தலையும் அவர்கள் வரிசைப் பக்கம் திரும்பியது. அவர் பழக்கத்தில் எழுந்தார். மனைவி சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க."

"நீதானே வழுக்கை தெரிஞ்சுதுன்ன?"

"தெரிஞ்ச மாதிரின்னேன். உக்காருங்கன்னா."

உட்கார்ந்தார். அப்பத் தட்டை அந்த அம்மாளே வாங்கி, தான் எடுப்பதற்கு முன் அவரிடம் நீட்டினார். தட்டு நடுங்கியது. அவர் அடியில் கை கொடுத்துக்கொண்டு, மறு கையால் ஒரு துண்டு எடுத்தார். போதகர் பார்த்துவிட்டு, கிண்ணத்தை எடுத்து ஜெபிக்கத் தொடங்கினார். கிண்ணம் வந்தபோது ஒரு சொட்டும் சிந்தவில்லை.

ஆண்டறிக்கையில் 'ஞானஸ்நானம்: ஒருவர்' என்று எழுதி, இடம், நாள், காற்றின் திசை எல்லாம் குறித்திருக்கிறேன். அன்று கரையில் நின்ற எல்லோரையும் தனித்தனியே விசாரித்தும் விட்டேன். அவருடைய உச்சந்தலை நீருக்கடியில் போனதா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.