பபூன் பெண்டாட்டி

நாடகக் கம்பெனியில் ராணி வேஷக்காரிக்குக் கைதட்டல். பபூன் பெண்டாட்டிக்கு ஊர்ப் பகை. யுத்த காலத்தில் தருமபுரிப் பக்கம் ஆறு வருஷம் அந்த இரண்டாவது வேஷம் கட்டினவள் நான். விளக்குமாறும் கையுமாகப் புருஷனை விரட்ட வேண்டும். அவன் கட்டிலுக்கடியில் ஒளிய வேண்டும். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். செய்கிற வேலையை வைத்தே ஊரார் ஆளை எடைபோட, அதில் அடிபட்டவர்களுக்கு நான் சொல்வது புதிதாக இராது.

வாடகை வீடு

ராணி வேஷக்காரிக்குத் தாயார் துணை. நான் ஒண்டி. தருமபுரியில் கொட்டகை போட்டிருந்தபோது ஓர் அறை தேடி ஸ்டேஷன் பக்கம் நாலு வீடு ஏறினேன். கடைசி வீட்டம்மா என்னைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். மோர் கொடுத்தாள். புருஷனை அதட்டுவதை நடித்துக் காட்டச் சொன்னாள், காட்டினேன். அறை பற்றிக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"மோர் வேணா இன்னொரு டம்ளர் குடிங்க. வூடு மட்டும் கேக்காதீங்க. எம் மருமவ உங்களப் பாத்துக் கத்துக்கிட்டா எம் மவன் கதி என்னாவறது?"

தையல்காரர்

பபூன் கோவிந்தசாமி நல்ல மனுஷர். மேடையில் என்னிடம் அடி வாங்குகிறவரே எனக்கு வரனும் பார்த்தார். கடத்தூரில் ஒரு தையல்காரர், மனைவியை இழந்தவர். சந்தை நாளில் கடைக்குப் போனோம். அவர் தலை நிமிராமல், கேட்காமலே என் துணிப்பையின் கிழிசலைத் தைத்துக் கொடுத்தார். எனக்குப் பிடித்துப்போயிற்று.

அடுத்த வாரம் அக்காவோடு நாடகம் பார்க்க வந்தார். அன்றைக்குக் குரலைத் தணித்துக்கொண்டேன், மெதுவாகத்தான் விரட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மேனேஜர் திட்டியதுதான் மிச்சம். மறுநாள் காலை தையல்காரர் தனியாக வந்து, வாசலிலேயே நின்றார்.

"உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா நாம ரெண்டு பேரும் சந்தையில சேந்து நடந்தா, சனம் என்னையப் பாத்துத்தானுங்க சிரிக்கும்."

கிணற்றடியில்

துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வத்தல்மலையிலிருந்து சாமை விற்க இறங்கி வந்தவள், முந்தின நாள் நாடகம் பார்த்தவளாம், என்னைத் தேடி வந்தாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. விளக்குமாற்றை எப்படிப் பிடித்தால் தன் புருஷன் பயப்படுவான் என்று கேட்டாள். கேலி என்று நினைத்தேன். அவள் முகத்தில் கேலியில்லை. "அது வேஷம்மா, அவர் சம்மதிச்சு வாங்கிக்கிற அடி" என்றேன். அவள் சாமை மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஒருத்தியாச்சும் திருப்பி அடிக்கிறாளேன்னு இருந்தேன். அதுவும் பொய்யாக்கா?"

மேனேஜர்

அந்த வாரமே மேனேஜரிடம் போனேன். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடாமல் பேசிச் சிரிக்கிற ஒரு காட்சி வைக்கலாமா என்றேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"ரெண்டு பேரும் ஒத்துமையா இருந்தா, அதுல சிரிக்க என்னம்மா இருக்கு?"

குடும்பம் என்றால் இப்படித்தான் என்று ஊர் ஊராக நடித்துக் காட்டிவிட்டு, ஒரே ஆளுக்கு உலை வைத்துச் சாப்பிட்டதுதான் நான் நடத்திய சம்சாரம்.